குரோஷா வட்டம் ஏன் கிண்ணமாகிறது, புதுச்சேரி வெயிலில் இதைப் பழகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். முதலியார்பேட்டையில் இருக்கிறீர்கள். சில மாதங்களாக வீடியோ பார்த்து, கொக்கி மூக்குள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னுகிற குரோஷா பழகுகிறீர்கள், சாப்பாட்டை மறக்கிற அளவுக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் வட்டம் போட்டால் கிண்ணம் மாதிரி மடங்குகிறது, சதுரம் போட்டால் முக்கோணமாக முடிகிறது. வீட்டிலோ, "இந்த ஊர் வெயிலுக்கு உல்லன் எதுக்கு? போடுறதுதான் போடுற, வித்துக் காசாவது பார்க்கலாமே" என்கிறார்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். இதற்கு அடியில் நீங்கள் கேட்காமல் கேட்டிருப்பது, கை வராத ஒன்றின் மேல் இவ்வளவு ஆசை வைக்கலாமா என்பது. ஆசை சரி. கையும் சரியாகத்தான் இருக்கிறது. தையலை எண்ணவும் பார்க்கவும் யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். நான் புதுச்சேரியில் பெண் பிள்ளைகளுக்குப் பல வருடம் தையலும் கைவேலையும் சொல்லிக்கொடுத்தவள். அதில் எனக்கு உயிரானது குரோஷா. என் அனுபவம் முழுக்கப் பருத்தி நூலில். மலைப்பிரதேசத்துக்கு ஸ்வெட்டர் போடுவது பற்றிக் கேட்டால் அதற்குச் சரியான ஆள் நான் இல்லை.

கிண்ணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதற்கு ஐயமில்லாத விடை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த வட்டக் கணக்கை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஆரம் எவ்வளவு கூடுகிறதோ, சுற்றளவு அதைப்போல் சுமார் 6.28 மடங்கு கூடவேண்டும். நீங்கள் ஒரு சுற்று போட்டு முடிக்கும்போது ஆரம் ஒரு தையலின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. சிங்கிள் குரோஷா என்கிற குட்டைத் தையலில் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் 6 தையல் கூட்டினால் (அதாவது ஆறு இடங்களில் ஒரே தையலுக்குள் இரண்டு தையல் போட்டால்) துணி தட்டையாக உட்காரும்: 6, 12, 18, 24 என்று போகும். டபுள் குரோஷா என்கிற உயரமான தையலில் உயரம் அகலத்தைப்போல் ஏறக்குறைய 2 மடங்கு. அங்கே சுற்றுக்கு 12 கூட்டவேண்டும்: 12, 24, 36, 48. கூட்டுவது குறைந்தால் விளிம்புக்கு இடம் போதாமல் மேலே எழும்பிக் கிண்ணமாகும். அதிகமானால் இடம் மிஞ்சி ஓரம் அலையலையாக நெளியும். இது வடிவியல். யார் போட்டாலும், எந்த நூலில் போட்டாலும் இப்படித்தான் நடக்கும்.

ஆனால் 6, 12 என்கிற எண்கள் கல்லில் எழுதினவை இல்லை. கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். இறுக்கிப் பிடிக்கிறவர்களின் தையல் குட்டையாக வரும், தளர்வாகப் பிடிக்கிறவர்களுக்கு உயரமாக வரும். டபுளில் சிலருக்கு 11 போதும், சிலருக்கு 13 வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஹாஃப் டபுளுக்குப் பொதுவாக 8 என்று ஆரம்பித்து, துணியைப் பார்த்து ஒன்று கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வேலையை மேஜையில் வைத்து உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மூன்றாவது சுற்றிலேயே அது எந்தப் பக்கம் போகப்போகிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, கூட்டுகிற தையலை எப்போதும் ஒரே இடத்துக்கு மேலேயே போட்டால் வட்டம் அறுகோணமாகிவிடும். உருண்டையாக வேண்டுமானால் சுற்றுக்குச் சுற்று அந்த இடத்தைத் தள்ளிப் போடுங்கள்.

உங்களுக்குக் கிண்ணம் ஆனதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஒரு காரணத்தை. அமெரிக்காவில் சிங்கிள் என்று எழுதுவதைத்தான் இங்கிலாந்தில் டபுள் என்று எழுதுகிறார்கள். அமெரிக்க டபுள், இங்கிலாந்துக்காரர்களுக்கு ட்ரெபிள். வீடியோ அமெரிக்காவிலிருந்து, எழுதின பேட்டர்ன் (போடும் முறைக் குறிப்பு) இங்கிலாந்திலிருந்து என்று கலந்து பழகினால், "டபுள் போட்டுச் சுற்றுக்கு 6 கூட்டு" என்று படித்து, உயரமான தையலைப் போட்டு 6 மட்டும் கூட்டுவீர்கள். 12 வேண்டிய இடத்தில் 6 போட்டால் அது கிண்ணமாகாமல் வேறென்ன செய்யும்? பேட்டர்னில் எங்கேயாவது சிங்கிள் குரோஷா என்று இருந்தால் அது அமெரிக்க முறை. இங்கிலாந்து முறையில் பொதுவாக அந்தப் பெயரே வராது. (நான் இங்கே எழுதுவதெல்லாம் அமெரிக்க முறைப் பெயர்கள்.) அனுப்பியிருக்கிற படத்தில் விளிம்பு சரியாகத் தெரியவில்லை, அதனால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

சதுரம் முக்கோணமாவது இன்னும் எளிது. வரிசை முடிவில் ஏதோ ஒரு தையல் விட்டுப்போகிறது. டபுளில் வரிசை திரும்பும்போது 3 சங்கிலி போடுகிறோம் அல்லவா? அது பெரும்பாலும் அந்த வரிசையின் முதல் தையலாகக் கணக்கில் சேரும். அடுத்த வரிசையின் கடைசித் தையலை அந்த 3 சங்கிலியின் உச்சியில் குத்தவேண்டும். அது ஒல்லியாக ஓரமாக ஒதுங்கி நிற்பதால், புதிதாகப் பழகுகிறவர் கண்ணில் படாது. வரிசைக்கு ஒன்று விட்டுப்போனால், இருபது வரிசையில் இருபது போய்விடும். சிங்கிளில் திரும்புவதற்குப் போடுகிற 1 சங்கிலியைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் தையலிலும் கடைசித் தையலிலும் ஒரு ஊக்கைக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்து பார்த்தால் ஒவ்வொரு தையலின் தலையும் இரண்டு இழை சேர்ந்த ஆங்கில V எழுத்து போலத் தெரியும். அந்தத் தலைகளை எண்ணப் பழகுங்கள். நான் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஊசியைக் கொடுக்கமாட்டேன். போட்டு முடித்த துண்டு ஒன்றைக் கொடுத்து, எத்தனை தலை, எங்கே கூட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். அதைப் பார்க்கத் தெரிந்துகொண்ட பெண்ணுக்கு வீடியோ வேண்டியதில்லை. எந்த வீட்டில் எந்த மேஜை விரிப்பைப் பார்த்தாலும் மனதுக்குள் பிரித்துப் போட்டுவிடுவாள்.

இந்த வேலையின் மேல் எனக்கு இருக்கிற பிரியத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சு. அது அவிழக்கூடாது, அவிழ்ந்தால் பிழைப்புப் போச்சு. குரோஷாவில் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று தவிர முடிச்சே கிடையாது. கண்ணிக்குள் கண்ணியை இழுத்து நிறுத்தியிருக்கிறோம். நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரு வாரத்து வேலை சில நிமிடத்தில் நூலாகத் திரும்ப வந்துவிடும். தைத்த துணியை வெட்டிவிட்டால் வெட்டினதுதான், இங்கே தப்புக்கு நூல் நஷ்டமில்லை. ஊசியில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும், இரண்டு ஊசிப் பின்னலில் போல நூறு கண்ணி வரிசையாகக் காத்திருக்காது. அதனால்தான் எந்தத் திசையிலும் திரும்பலாம், நடுவில் துளை விடலாம், பக்கவாட்டில் கிளை விடலாம், உருண்டையாக்கிப் பஞ்சு அடைத்துப் பொம்மையாக்கலாம்.

மேலே சொன்ன அதே கூட்டல் விதியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் எங்கே கொண்டுபோய் விடுகிறது தெரியுமா? 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா என்கிற லாட்விய நாட்டுக் கணிதப் பேராசிரியை, ஹைபர்போலிக் தளம் என்று சொல்லப்படும் வளைந்த பரப்பைக் குரோஷாவில் போட்டுக் காட்டினார். அதற்கு முன்பு அதைத் தாளில் ஒட்டித்தான் செய்தார்கள், தொட்டுத் திருப்பினால் கிழிந்துபோகும். அவர் செய்தது, குறிப்பிட்ட எண்ணிக்கைத் தையலுக்கு ஒருமுறை ஒன்றைக் கூட்டு என்கிற விதியை எல்லா வரிசையிலும் மாற்றாமல் வைத்திருந்ததுதான். துணி சுருண்டு நெளிந்து பவளப்பாறை மாதிரி ஆனது. பிறகு 2005-ல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்கிற சகோதரிகள் இதே முறையில் பவளப்பாறைகளையே குரோஷாவில் போடத் தொடங்கினார்கள், அது பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்த வேலையாக வளர்ந்தது. அடுத்த தடவை உங்கள் ஓரம் நெளிந்தால் பிரிப்பதற்கு முன்னால் இன்னும் இரண்டு சுற்று அப்படியே போட்டுப் பாருங்கள். அழகாக இருக்கும்.

அப்புறம் வெயில் விஷயம். குரோஷா என்றால் உல்லன் என்று வீட்டில் நினைப்பது கடையில் பளிச்சென்று தொங்குகிற உல்லன் உருண்டைகளால் வந்த எண்ணம். 1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரீகளும் மற்றவர்களும் ஏழைக் குடும்பங்களுக்குக் குரோஷா லேஸ் சொல்லிக்கொடுத்தார்கள். அது பெரும்பாலும் மெல்லிய பருத்தி நூல் வேலை. விலையுயர்ந்த வெனிஸ் லேஸைப் பார்த்து, அதைவிட வேகமாகப் போடுவதற்கு இந்த ஊசியைப் பயன்படுத்தினார்கள். நம் பக்கம் ஆந்திராவின் நர்சாபூரில் பெண்கள் தலைமுறைகளாகப் பருத்தியில் குரோஷா லேஸ் போடுகிறார்கள், 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாகர்கோவில் லேஸைச் சிலர் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அங்கே மிஷனரிப் பெண்கள் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது தலையணை மேல் குச்சிகளில் நூல் சுற்றிப் பின்னுகிற வேறு வகை. நம் ஊர் ரோமன் ரோலன் வீதியில் க்ளூனி கன்னியர் நடத்துகிற இடத்தில் நடப்பதும் கை எம்பிராய்டரி, குரோஷா இல்லை. இதற்கெல்லாம் முன்னால் குரோஷா எங்கிருந்து வந்தது என்பதில் அரபு நாடு, சீனா, தென் அமெரிக்கா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எதற்கும் உறுதியான சான்று இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அச்சில் வந்த பேட்டர்ன்கள்தான் கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம்.

நம் வீடுகளிலும் இது புதிதில்லை. பால் சொம்பின் மேல் ஈ உட்காராமல் இருக்கப் போடுகிற, ஓரத்தில் மணி கோத்த வலை மூடி, தலையணை உறை ஓரம், ரேடியோ மேல் போட்ட விரிப்பு, பிறகு டிவி கவர், கோயிலில் பீடத்துணியின் ஓரம் என்று பாட்டிமார் போட்டது எல்லாம் வெள்ளைப் பருத்தி நூல். வெயிலுக்கு அதுதான் பொருத்தம். பருத்தி வியர்வையை உறிஞ்சும், வெந்நீரில் அலசலாம், அழுத்தி இஸ்திரி போடலாம். மலிவாகக் கிடைக்கிற உல்லன் பெரும்பாலும் அக்ரிலிக். அது பெட்ரோலியத்திலிருந்து செய்கிற இழை, வியர்வையை உறிஞ்சாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகித் தொய்ந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. பொம்மைக்கு அக்ரிலிக் நல்லது, நிறம் மங்காது, சீக்கிரம் காயும். உடம்பில் படுவதற்கு வேண்டாம். குழந்தைக்குப் போடுவதானால் பருத்தியில், விரல் மாட்டாத அளவுக்கு நெருக்கமாக, மணியும் பட்டனும் இல்லாமல் போடுங்கள்.

ஃபேன்ஸி ஸ்டோரில் கேட்டால் 20, 40 நம்பர் மெர்சரைஸ்டு நூல் எடுத்துத் தருவார்கள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். மெர்சரைஸ்டு என்றால் பருத்தி நூலை இழுத்துப் பிடித்தபடி காஸ்டிக் சோடாவில் நனைத்து எடுத்தது. இழை உப்பி உருண்டையாகும், பளபளப்பும் வலுவும் கூடும், சாயம் நன்றாகப் பிடிக்கும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பழகுகிறவர்களுக்கு 40 கண்ணைக் கெடுக்கும். 4 இழை நிட்டிங் காட்டனும் (பின்னலுக்கான சற்றுத் தடித்த பருத்தி நூல்) 3 மில்லிமீட்டர் ஊசியும் வாங்குங்கள், வெளிர் நிறமாக. கறுப்பு நூலில் தையலின் தலை தெரியாது. நூலை இடதுகைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி ஆள்காட்டி விரல் மேல் விட்டால் இறுக்கம் சீராகும். ஊசி நுழையக் கஷ்டப்பட்டால் கையைத் திட்டாமல் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கு மாறுங்கள். இடதுகைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போடலாம், துணி ஒன்றும் கெடாது.

கடற்கரை ஊருக்கென்று சில கவனங்கள் உண்டு. சித்திரை, வைகாசியில் விரல் வியர்த்து நூல் ஓடாது. கையைக் கழுவித் துடைத்து, துளி பவுடர் போட்டுக்கொண்டு உட்காருங்கள். உப்புக்காற்றுக்கு மெல்லிய இரும்பு ஊசிகள் துருப்பிடிக்கும், அந்தத் துரு வெள்ளை நூலில் பட்டால் லேசில் போகாது. அலுமினிய ஊசி சில வெள்ளை நூலில் சாம்பல் தடம் விடும். முடித்த வேலையைத் துவைத்து, தெர்மகோல் பலகையில் துருப்பிடிக்காத ஊசிகளால் வட்டமாக இழுத்துக் குத்தி, நீர்த்த ஜவ்வரிசிக் கஞ்சி தடவிக் காயவிட்டால் கடையில் வாங்கினது போல விறைப்பாக நிற்கும். சர்க்கரைப் பாகில் விறைப்பாக்கச் சொல்கிற வீடியோக்கள் உண்டு. நம் ஊரில் அரைமணி நேரத்தில் எறும்பு வந்துவிடும். கஞ்சி போட்டதை ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள் மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி அரிக்கும். கஞ்சியை அலசி, நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.

விற்பது பற்றி வீட்டில் சொல்வதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு சின்ன மேஜை மேட்டுக்கு 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 ரூபாய் என்றாலே கூலி மட்டும் 360 ரூபாய், நூல் தனி. பக்கத்தில் மெஷின் லேஸ் மேட் அதில் சிறு பங்கு விலைக்குத் தொங்கும். குரோஷாத் தையலைக் கை போடுவது போல அப்படியே போட்டுக் கடைச்சரக்காகத் தள்ளுகிற மெஷின் இன்னும் இல்லை. கடையில் பார்ப்பது வேறு விதமான பின்னல். ஆனால் வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. நர்சாபூர் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்கிற ஜெர்மன் சமூகவியலாளர் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டு ஏற்றுமதிக்கு ராப்பகலாகப் போட்ட பெண்களை "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் போடுகிறவர்கள்" என்றே கணக்குப் பார்த்து, மிகக் குறைந்த கூலி கொடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். லாபம் வியாபாரிகளுக்குப் போனது. ஆகவே, விற்றே தீரவேண்டும் என்கிற கட்டாயத்தோடு ஆரம்பிக்காதீர்கள். யாராவது தேடி வந்து கேட்டால் கொடுங்கள், நேரத்துக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள், குறைத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். நல்ல வேலைக்கு வாங்குகிறவர் இல்லாமலும் இல்லை. இங்கே வந்து தங்குகிறவர்கள் சிலர் கைவேலையின் அருமை தெரிந்து வாங்குகிறார்கள். அதை நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று நான் சொல்லமாட்டேன். பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பெண் தினமும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காசுக் கணக்கு யாருக்கும் காட்டவேண்டியதில்லை.

குரோஷா போட்டால் மன அழுத்தம் தீரும் என்று படித்ததாக எழுதியிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவின் வுலங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8,000-க்கும் அதிகமான குரோஷாக்காரர்களிடம் கேட்டபோது, பெரும்பாலானவர்கள் போட்டால் மனம் அமைதியாகிறது என்று சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான். ஆனாலும் அது ஏற்கெனவே இதைப் பிடித்துச் செய்கிறவர்களே தங்களைப் பற்றிச் சொன்னது. எண்ணிக்கொண்டே போடும்போது வேறு நினைப்புக்கு இடமில்லாமல் போவது உண்மை, அதை மருந்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது. கையைப் பொறுத்தவரை அரைமணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரலை நீட்டி மடக்குங்கள். விரல் மரத்துப்போவதோ, இரவில் மணிக்கட்டு வலிப்பதோ இருந்தால் என்னைப் போன்றவர்களிடம் கேட்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கிண்ணத்தைப் பிரித்துவிடுங்கள். அதே நூலில் சிங்கிள் போட்டு 6, 12, 18, 24, 30, 36 வரை, தலைகளை எண்ணிக்கொண்டே ஒரு டம்ளர் மேட் போடுங்கள். தட்டையாக வந்தால் அடுத்ததை டபுளில் 12, 24, 36 என்று போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெளிந்தாலோ மடங்கினாலோ எந்தச் சுற்றில், எத்தனை தையலில் என்று குறித்து இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பெரிதாக ஏதாவது ஆரம்பிக்கத் தோன்றினால், முழு வேலைக்கும் வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். உருண்டையில் ஒட்டியிருக்கிற தாளில் லாட் நம்பர் (ஒரே தடவையில் சாயம் தோய்த்த தொகுதியின் எண்) இருக்கும், எல்லாம் ஒரே நம்பரா என்று பாருங்கள். நம்பர் மாறினால், கடை விளக்கில் ஒன்றாகத் தெரிகிற வெள்ளை, வீட்டு வெளிச்சத்தில் இரண்டு வெள்ளையாக நிற்கும்.